உடம்புக்கும் ஒரு பேரேடு

கணக்கில் பிசகாதவர்கள் என்று செட்டிநாட்டுக்காரர்களுக்கு ஒரு பெயர் உண்டு. பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடந்த காலத்தில், அன்றன்றைய வரவு செலவை அன்றன்றே எழுதிப் பேரேட்டில் ஏற்றுவார்கள். ஒரு காசு உதைத்தாலும் அது எங்கே போனது என்று கண்டுபிடிக்காமல் படுக்கப் போகமாட்டார்கள். அந்தப் புத்தி இன்றைக்கு நமக்கு அதிகம் தேவைப்படுவது பணத்துக்காக அல்ல, உடம்புக்காக. இந்த வயதில் இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றுதான்: அளக்காமல் நம்பாதீர்கள். அளந்த பிறகு அடம் பிடிக்காதீர்கள்.

இந்தப் பாடத்தைப் படிக்க நாம் வெளியூர் போகவேண்டியதில்லை. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் காரைக்குடிக்கு ஓர் ஆய்வகத்தைக் கொண்டுவந்தார். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். ஊரில் நாம் 'சிக்ரி' என்று சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது. மண்டபம் கடற்கரையிலும் அதற்கு ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. கடற்காற்றில் உலோகம் எவ்வளவு அரிக்கப்படும் என்பதை அறிய நம்பகமான வழி ஒன்று உண்டு. தகட்டை எடை போட்டு வெளியில் வைக்க வேண்டும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிறகு துருவை நீக்கி மறுபடி எடை போட வேண்டும். குறைந்த எடைதான் உண்மை. இடையில் யாருடைய அபிப்பிராயத்துக்கும் அங்கே இடமில்லை.

இதே ஒழுக்கம் எவ்வளவு நுட்பமான இடம்வரை போயிருக்கிறது என்பதற்கு, குறைகடத்தி நானோ கம்பிகளைச் சொல்லலாம். 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வாக்னர், எல்லிஸ் என்ற இருவர், சிலிக்கான் தகட்டில் துளியளவு தங்கம் வைத்துச் சூடாக்கி, சிலிக்கான் கலந்த வாயுவைச் செலுத்தினார்கள். உருகிய துளி வாயுவிலிருந்து சிலிக்கானை வாங்கி, தனக்கு அடியில் மெல்லிய இழையாக வளர்த்தது. அந்த வழியைப் பின்பற்றி நானோ அளவு கம்பிகளை வளர்க்க 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். இந்தக் கம்பிகளின் தடிமனோ சில பத்து நானோமீட்டர்தான்.

இவ்வளவு மெலிந்தால் என்ன லாபம்? தடித்த கம்பியின் மேற்பரப்பில் ஒரு மூலக்கூறு வந்து ஒட்டினால் உள்ளே ஓடும் மின்சாரத்துக்குத் தெரியவே தெரியாது. நானோ கம்பியிலோ உள்ளளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு மிக அதிகம். ஒட்டிய மூலக்கூறின் மின்னேற்றம் கம்பி முழுவதையும் பாதிக்கும், மின்னோட்டம் மாறும். 2001-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சார்லஸ் லீபர் குழுவினர் இப்படித்தான் கரைசலில் இருந்த புரதத்தைக் கண்டறிந்தார்கள். அந்தக் குழுவில் இருந்த யீ சுயி, 2008-ல் ஸ்டான்ஃபோர்டில் அதே சிலிக்கான் கம்பியை லித்தியம் பேட்டரிக்குக் கொண்டுபோனார். சிலிக்கான், கிராஃபைட்டைவிடப் பத்து மடங்குக்கு மேல் லித்தியத்தை ஏற்கக்கூடியது. ஆனால் ஏற்கும்போது ஏறத்தாழ நான்கு மடங்கு உப்பிப் பொடிந்துபோகும். கம்பிகளுக்கிடையே இடைவெளி இருப்பதால் உப்பினாலும் நொறுங்குவதில்லை என்று அவர் காட்டினார்.

இந்த ஆராய்ச்சியில் ஒரு வசதி இருக்கிறது. வெப்பத்தையும் வாயுவையும் தங்கத் துளியின் அளவையும் ஆய்வாளர் தன் கையில் வைத்திருக்கிறார். இன்னொரு நாட்டில் இன்னொருவர் அதையே செய்து சரிபார்க்கலாம்.

சாப்பாட்டு ஆராய்ச்சிக்கு அந்த வசதி இல்லை. யாரையும் இருபது வருடம் அறையில் அடைத்து ஒரே சாப்பாடு போட முடியாது. நேற்றுச் சாப்பிட்டதைக் கேட்டால் பாதியை மறந்துவிடுகிறோம், மீதியைக் குறைத்துச் சொல்கிறோம். கீரை சாப்பிடுகிறவர் நடக்கவும் செய்வார், புகை பிடிக்காமலும் இருப்பார். பலன் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வது லேசான வேலை அல்ல. அதனால்தான் ஒரே ஓர் ஆய்வை வைத்துக்கொண்டு 'இதைத் தின்றால் அது தீரும்' என்று பேசுகிறவர்களிடம் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஆனாலும் பொறுமையாக அளந்தவர்கள் ஜெயித்திருக்கிறார்கள். 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஓர் ஒற்றை அறையில் டாக்டர் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அரிசியைத் தீட்டித் தவிட்டை நீக்கும்போது அதோடு ஒரு சத்தும் போய்விடுகிறது, அது இல்லாமல் நரம்பும் இதயமும் தளர்கின்றன என்பது அந்தக் காலத்து ஆராய்ச்சிகளின் முடிவு. அந்தச் சத்துதான் தயமின், பி1 வைட்டமின். நெல்லைப் புழுக்கும்போது அதில் ஒரு பங்கு தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடும். நம் புழுங்கல் அரிசிக்கு அந்தப் பெருமை உண்டு. குன்னூரின் அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

இனி நம் வீட்டுக் கறுப்பரிசியான கவுனிக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஓர் ஆச்சி இருந்தார். சர்க்கரை நோய்க்காரர். விசேஷ நாளில் சீனியும் நெய்யும் சேர்த்த கவுனி அரிசியைக் கிண்ணம் நிறைய எடுத்துக்கொண்டு, "கவுனிதானே தம்பி, சக்கரைக்கு ஒண்ணும் பண்ணாது" என்றார். "சாப்பிடுங்க ஆச்சி, ரெண்டு மணி நேரம் கழிச்சு விரலைக் குத்திப் பாத்துருவோம்" என்றேன். பார்த்தோம். கருவியில் ஏறிநின்ற எண்ணை ஆச்சி இரண்டு தடவை படிக்கச் சொன்னார். கவுனியின் கருநிறம் ஆந்தோசயனின் என்ற நிறமி. தண்ணீரில் கரையும், ஊறவைத்த நீர் ஊதாவாக மாறுவது அதனால்தான். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டினால் நிறமியில் ஒரு பங்கு சாக்கடைக்குப் போகும். தவிடு நீங்காத அரிசி நல்லதுதான். ஆனால் அதன் மேல் நாம் கொட்டும் சீனிக்கும் நெய்க்கும் கவுனி ஜாமீன் நிற்காது.

அந்தச் சின்னக் கருவியும் மின்வேதியியல்தான். பட்டையில் உள்ள நொதி, ரத்தத்திலுள்ள குளுக்கோஸோடு வினைபுரியும்போது எலக்ட்ரான்கள் வெளிப்படும். அந்த மின்னோட்டத்தைத்தான் அது எண்ணாகக் காட்டுகிறது. இதற்கு மூலமான நொதி மின்வாயைப் பற்றி லேலண்ட் கிளார்க் என்ற ஆய்வாளர் 1962-லேயே எழுதினார்.

சர்க்கரை நோயில் நாட்டின் மொத்தக் கணக்கும் நம்மிடம் இருக்கிறது. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு, 13 கோடிப் பேருக்கு மேல் அதற்கு முந்தைய நிலை என்றது. அதே ஆய்வின் 2025 அறிக்கை, நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து என்கிறது. வெள்ளை அரிசியை விட்டுக் கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறுவதால் மட்டும் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தின் மொத்த அளவில் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், மோர் ஆகியவற்றின் புரதம் வந்தவர்களுக்கே ஆபத்து குறைவாக இருந்தது.

இலை நிறையப் பரிமாறுவது செட்டிநாட்டின் அன்பு. அந்த அன்பைக் குறைக்கச் சொல்லவில்லை. சாதத்தில் ஒரு கரண்டி குறையட்டும், பருப்பும் காய்கறியும் ஒரு கரண்டி ஏறட்டும். சாயங்கால இடைப்பலகாரம் தினப்படி வழக்கமாக இல்லாமல் விசேஷத்துக்கு மட்டும் இருக்கட்டும். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமைத் தாண்ட வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். மருத்துவரைக் கேளுங்கள்.

பிள்ளைகளே, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒரு வாரம் சாப்பிட்டது எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதுங்கள். முப்பது வயது தாண்டியவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து அதே நோட்டில் குறியுங்கள். எங்கே உதைக்கிறது என்று அந்த நோட்டே காட்டிவிடும். காட்டிய இடத்தில் அன்றைக்கே திருத்திக்கொள்ளுங்கள்.