அம்மா கேட்ட கேள்வி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. விலங்கியல் மாணவி)

சென்ற ஆடி மாதம் என் பெரியம்மா கருப்பை வாய்ப் புற்றுநோயால் மறைந்தார். மாதவிலக்கு நின்று பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் உதிரம் கண்டும், எட்டு மாதங்கள் எவரிடமும் அவர் சொல்லவில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பொத்தேரியில் மாணவர் விடுதியொன்றில் பாத்திரம் துலக்கும் என் அம்மா, "படிச்சவ நீ சொல்லு, எனக்கும் வருமா?" என்று கேட்டார். பதில் தெரியவில்லை. நூலகத்தில் தேடினேன்.

இந்நோய்க்கு மூலம் மனித பாப்பிலோமா வைரஸ். 1983-இல் ஜெர்மனியின் ஹரால்டு சூர் ஹாசன் குழுவினர் இப்புற்றில் 16-ஆம் வகை வைரஸைக் கண்டறிந்தனர். 2008-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் அது தானே அகன்றுவிடும். அகலாமல் நிலைத்தால்தான் ஆபத்து. அப்போது வைரஸின் ஈ7 புரதம், செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் காக்கும் ஆர்பி புரதத்தை முடக்குகிறது. அதன் விளைவாகச் செல்லுக்குள் பி16 என்னும் புரதம் குவிகிறது. சாயமேற்றிப் பார்த்தால் அக்குவியல் தெரியும். புற்று தோன்றுமுன்பே எச்சரிக்கும் அடையாளம் அது. தொற்று புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு மேலாகும். அத்தனை ஆண்டுகள் பெரியம்மாவுக்கும் இருந்தனவே!

எளிய வழியும் உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பை வாயில் அசெட்டிக் அமிலம் தடவிப் பார்த்தனர். பழுதுற்ற இடம் வெளுத்துக் காட்டும். 30 முதல் 59 வயதுவரையான பெண்களுக்கு ஒரே ஒரு முறை நடந்த இச்சோதனையால், இந்நோயின் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததென 2007-இல் அறிவித்தனர்.

எல்லாம் கேட்ட அம்மா தயங்கியபடி, "கிருமின்னா... நடத்தை சரியில்லாதவங்களுக்குத்தானே வரும்? அக்கா அப்படி இல்லையே" என்றார். பெரியம்மா ஏன் வாய் திறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"இல்லேம்மா. கல்யாணமான யாருக்கும் தொத்தலாம். அதுக்கும் நடத்தைக்கும் சம்பந்தமில்லை" என்றேன்.

மறுவாரம் அம்மா ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வந்தார். உடன் வேலை செய்யும் இருவரையும் அழைத்து வந்தார். அம்மாவுக்குக் குறையேதுமில்லை. மற்றவர்களுள் ஒருவருக்கு மேற்சோதனை எழுதித் தந்துள்ளார்கள். கவலைதான், ஆயினும் காலம் கைமீறவில்லை.

தோழர்களே, தோழியரே! தேர்வுத்தாளில் எழுதும் விடையை வீட்டுத் திண்ணையிலும் சொல்லுங்கள். நம் தாய்மார் கேட்கக் காத்திருக்கிறார்கள்.