வாக்காளர் பட்டியலும் மொய் நோட்டும்

ஓர் ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வாக்காளர் பட்டியலை வாங்கிப் பார்ப்பது. யார் யார் இருக்கிறார்கள், எந்தத் தெரு, என்ன வயது என்று வரிசையாக இருக்கும். இன்னொன்று, அந்த ஊர்க் கல்யாணங்களின் மொய் நோட்டைப் புரட்டுவது. யாருக்கு யார் வேண்டியவர், எந்தக் குடும்பம் எல்லா விசேஷத்திலும் முன்னால் நிற்கிறது, யார் வீட்டுக்கு யார் போவதே இல்லை... எல்லாம் அதில் தெரிந்துவிடும்.

செல் என்பதும் ஓர் ஊர்தான். மனித உடலில் புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் ஏறக்குறைய 20,000. அவற்றை வரிசையாக எழுதி வைத்திருக்கும் ஜீனோம் தரவுத்தளம்தான் வாக்காளர் பட்டியல். அந்த மரபணுக்கள் உண்டாக்கும் புரதங்களில் எது எதோடு கைகோக்கிறது என்று எழுதி வைத்திருக்கும் தரவுத்தளம் மொய் நோட்டு. முதலாவதைப் பற்றிச் செய்தித்தாளில் நிறைய வந்திருக்கிறது. இரண்டாவதைப் பற்றி வகுப்பறைக்கு வெளியே பேசுவோர் குறைவு. ஆனால் நோய் பல சமயம் ஒளிந்திருப்பது இரண்டாவதில்தான்.

முதலில் பட்டியல் வந்த கதை. 1965ல் அமெரிக்காவில் மார்கரெட் டேஹாஃப் என்ற பெண் விஞ்ஞானி, அதுவரை வரிசை கண்டறியப்பட்ட புரதங்களையெல்லாம் திரட்டி ஒரு புத்தகமாக அச்சிட்டார். மொத்தமே 65 புரதங்கள்தான்! இன்று மாணவர்கள் மனப்பாடம் செய்யும் அமினோ அமிலங்களின் ஓரெழுத்துக் குறியீடுகளும் அவர் தந்தவையே. 1982ல் ஜென்பேங்க் வந்தது. அந்த வருடக் கடைசியில் அதில் இருந்தவை 606 வரிசைகள். 2001ல் மனித ஜீனோமின் முதல் வரைவு வெளியானது. 2003ல் திட்டம் முடிந்ததாக அறிவித்தார்கள். விட்டுப்போன இடைவெளிகளை நிரப்பி 2022ல் ஏறக்குறைய முழுமையாக்கினார்கள். சுமார் 300 கோடி எழுத்துகள். யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்து காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம்.

சரி, பட்டியல் கிடைத்துவிட்டது. அதுவே போதாதா? போதாது. ஏன் என்று புரிய பி53 என்ற ஒரு புரதத்தைப் பார்த்தால் போதும்.

1979ல் கண்டுபிடிக்கப்பட்ட இது, செல்லுக்குள் இருக்கும் காவல்காரர் மாதிரி. டிஎன்ஏவில் சேதம் ஏற்பட்டால் செல் பிரிவதை நிறுத்தி வைக்கும். சேதம் சரிசெய்ய முடியாத அளவு என்றால் செல்லையே சாகச் சொல்லும். மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் இதன் மரபணுவில் எழுத்துப்பிழை இருக்கிறது. பிழையுள்ள எழுத்து, கெட்டுப்போன புரதம், காவல் இல்லாத செல். கணக்கு நேராக இருக்கிறது.

ஆனால் கருப்பைவாய்ப் புற்றுநோயில் இந்தக் கணக்கு உதைக்கிறது. அதில் பெரும்பாலும் பி53 மரபணுவில் ஒரு எழுத்துகூட மாறியிருப்பதில்லை. வாக்காளர் பட்டியலில் காவல்காரர் பெயர் சரியாக இருக்கிறது, முகவரியும் சரி. ஆனால் ஆளைக் காணோம்!

என்ன நடந்தது என்பது 1990ல் தெரிந்தது. இந்த நோயை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ் ஈ6 என்றொரு புரதத்தைச் செய்கிறது. அது செல்லில் ஏற்கனவே இருக்கும் இன்னொரு புரதத்தைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு பி53ஐப் பிடிக்கிறது. பிடித்து, செல்லின் சொந்தக் கழிவு அகற்றும் இயந்திரத்திடமே ஒப்படைத்துவிடுகிறது. காவல்காரர் குப்பையோடு குப்பையாகப் போய்விடுகிறார். இதை ஜீனோமில் எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது. யார் யாரோடு சேர்ந்தார் என்று பார்த்தால்தான் கிடைக்கும். ஒவ்வொரு ஆண்டும் இந்தியாவில் பல்லாயிரம் பெண்களைப் பலிகொள்ளும் நோய் இது என்பதை நினைத்துக்கொண்டால், மொய் நோட்டின் அருமை புரியும்.

அப்படியானால் புரதங்களின் சேர்க்கையை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணுக்குத் தெரியாத இரண்டு துகள்கள் ஒட்டுகின்றனவா இல்லையா என்று யார் போய்ப் பார்ப்பது?

1989ல் ஸ்டான்லி ஃபீல்ட்ஸ், ஓக்-கியூ சாங் என்ற இருவர் அழகான வழி ஒன்று சொன்னார்கள். நாம் ரொட்டிக்குப் போடும் ஈஸ்டில் ஒரு மரபணுவை இயக்கும் புரதம் இருக்கிறது. அதற்கு இரண்டு பகுதிகள். ஒன்று டிஎன்ஏவைப் பிடித்துக்கொள்ளும். மற்றது 'வேலையை ஆரம்பி' என்று கட்டளையிடும். இரண்டையும் வெட்டிப் பிரித்துவிட்டால் வேலை நடக்காது. இப்போது முதல் பாதியோடு 'அ' என்ற புரதத்தையும், இரண்டாம் பாதியோடு 'ஆ' என்ற புரதத்தையும் ஒட்டி விடுங்கள். அவும் ஆவும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் வெட்டிய இரண்டு பாதிகளும் அருகருகே வந்துவிடும். மரபணு இயங்கும். ஈஸ்ட் நீல நிறமாக மாறும். நீலம் வந்தால் உறவு உண்டு, வராவிட்டால் இல்லை. எவ்வளவு எளிமை!

1996ல் ஈஸ்டின் முழு ஜீனோமும் வெளிவந்தது. சுமார் 6,000 மரபணுக்கள். பட்டியல் கையில் கிடைத்ததும், ஊரில் உள்ள எல்லாரையும் எல்லாரோடும் நிறுத்திப் பார்க்கலாமே என்று கிளம்பினார்கள். 2000ல் ஓர் அமெரிக்கக் குழு 957 இடைவினைகளைக் கண்டது. 2001ல் ஒரு ஜப்பானியக் குழு 4,549 என்றது. அதே ஈஸ்ட், அதே முறை. இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது பொதுவாக இருந்தவை மிகக் கொஞ்சம்.

ஏன் இப்படி? இந்தச் சோதனையில் எல்லாப் புரதங்களையும் செல்லின் உட்கருவுக்குள் கொண்டுவந்து சந்திக்க வைக்கிறார்கள். நிஜ வாழ்க்கையில் ஒன்று செல்லின் ஒரு மூலையிலும் மற்றது வேறு மூலையிலும் இருக்கலாம், சந்தித்திருக்கவே மாட்டா. ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதாலேயே இருவர் சொந்தக்காரர் ஆகிவிட முடியுமா? அதுபோலச் செல்லின் சவ்விலேயே குடியிருக்கும் புரதங்கள் உட்கருவுக்கு வர முடியாமல், இருக்கும் உறவும் கணக்கில் வராமல் போகும். போதாக்குறைக்கு, இரண்டு குழுக்களுமே கண்டது ஊரின் மொத்த உறவுகளில் ஒரு பகுதியைத்தான். மனிதருக்கு வந்தால் கணக்கு இன்னும் பெரிது. 20,000 புரதங்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் சுமார் 20 கோடி ஜோடிகள். 2020ல் வெளியான மிகப் பெரிய வரைபடம்கூடச் சுமார் 53,000 இடைவினைகளைத்தான் காட்டியது.

இயந்திரம் தேடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஆய்வகங்கள் ஒவ்வொரு புரதமாக எடுத்து வருடக்கணக்கில் ஆராய்ந்து கட்டுரை எழுதியிருக்கின்றனவே, அவற்றில் ஏற்கனவே கிடக்கும் செய்தியை யார் திரட்டுவது?

இங்கேதான் பெங்களூர் வருகிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த அகிலேஷ் பாண்டேயின் குழுவும், பெங்களூரில் 2002ல் தொடங்கப்பட்ட உயிர்தகவலியல் நிறுவனமும் சேர்ந்து மனிதப் புரதங்களுக்கென ஒரு தரவுத்தளத்தை உருவாக்கின. சுருக்கமாக ஹெச்பிஆர்டி. 2003ல் அதைப் பற்றிய கட்டுரை வந்தபோது அதில் 2,750 புரதங்கள் இருந்தன. அந்த விவரங்களில் ஏறக்குறைய எல்லாமே கையால் திரட்டியவை. உயிரியல் படித்தவர்கள் உட்கார்ந்து 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து எழுதியவை!

அந்த வேலையைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஒரே புரதத்துக்கு ஐந்து பெயர்கள் இருக்கும். இரண்டு வெவ்வேறு புரதங்களுக்கு ஒரே பெயர் இருக்கும். சோதித்தது மனிதப் புரதமா எலிப் புரதமா என்று கட்டுரையில் தெளிவாக இருக்காது. செய்முறைப் பகுதியில் தோண்டிப் பார்க்க வேண்டும். 'ஒட்டுகிறது' என்று ஒரு வரி எழுத ஒரு மதியமே போய்விடலாம். அதற்குப் பதக்கம் கிடையாது. அந்த வரியை எழுதியவர் யாரென்று பயன்படுத்துபவருக்குத் தெரியவும் போவதில்லை.

2010ல் வந்த ஒன்பதாம் பதிப்பில் 41,327 இடைவினைகள் இருந்தன. மனிதப் புரதங்களை ஆராய்ந்த எத்தனையோ ஆய்வுகள் அந்தப் பட்டியலைத்தான் அடித்தளமாக வைத்துக்கொண்டன. அதற்குப் பிறகு அடுத்த பதிப்பு வரவில்லை.

இது ஒரு தளத்தின் கதை மட்டுமல்ல. புரத வரிசைகளுக்கு இன்றும் உலகமே நம்பியிருக்கும் ஸ்விஸ்-ப்ராட் 1996ல் நிதி இல்லாமல் மூடப்படும் நிலைக்குப் போய், விஞ்ஞானிகள் போட்ட சத்தத்தால் பிழைத்தது. கனடாவில் இடைவினைகளைத் திரட்டிய பைண்ட் தளம் 2005ல் நிதி நின்று தளர்ந்துபோனது. புதிதாகக் கண்டுபிடிப்பவருக்குப் பணம் கொடுக்க ஆள் இருக்கிறது. கண்டுபிடித்ததைத் துடைத்து அடுக்கிப் பாதுகாப்பவருக்குக் கொடுக்க யோசிக்கிறார்கள். நூலகம் கட்ட நன்கொடை கிடைக்கும், நூலகருக்குச் சம்பளம் கிடைக்காது என்பது மாதிரிதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2009ல் ஒரு குழு, இப்படிக் கையால் திரட்டிய பட்டியல்களை எடுத்து மூலக் கட்டுரைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. பெரும்பாலான இடைவினைகளுக்கு ஆதாரம் ஒரே ஒரு கட்டுரைதான் என்றும், தவறாகப் பதிந்தவையும் உண்டு என்றும் சொன்னது. திரட்டியவர்கள் சும்மா இருக்கவில்லை. அதே வருடம் தாங்களும் சரிபார்த்து, தவறுகள் சொல்லப்பட்ட அளவுக்கு இல்லை என்று பதில் எழுதினார்கள். இதில் நல்ல விஷயம் என்னவென்றால், இரு தரப்பும் சண்டை போட முடிந்ததே ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதன் மூலக் கட்டுரையின் எண் இருந்ததால்தான். மொய் நோட்டில் 'யார் எழுதியது' என்று இருந்தால்தானே கணக்குக் கேட்க முடியும்? பிறகு இன்ட்ஆக்ட், மின்ட் போன்ற தளங்கள் பொதுவான விதிகளை வகுத்துக்கொண்டு, ஒரே கட்டுரையை இரண்டு பேர் படிக்காமல் வேலையைப் பங்கிட்டுக்கொண்டன.

இப்போதெல்லாம் 'இனி எதற்கு இந்த வேலை, எல்லாவற்றையும் கணினியே சொல்லிவிடுமே' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆல்ஃபாஃபோல்ட் புரதங்களின் வடிவத்தைக் கணித்துச் சொல்கிறது; அதற்காக 2024ல் வேதியியல் நோபல் பரிசும் கிடைத்தது. உண்மைதான். ஆனால் அது பாடம் கற்றது எங்கே? 1971ல் வெறும் ஏழு வடிவங்களோடு தொடங்கி, ஐம்பது ஆண்டுகளாக விஞ்ஞானிகள் ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்த புரத வடிவ வங்கியில். சேர்த்தவர்கள் சோம்பியிருந்தால் இயந்திரத்துக்குப் பாடப்புத்தகமே இருந்திருக்காது.

கடைசி வருட புராஜெக்ட் என்றால் நம் கல்லூரிகளில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். தேடுபெட்டியில் பி53 என்று அடித்தால் சிலந்தி வலை மாதிரி ஒரு படம் வரும். அதை அப்படியே எடுத்து அறிக்கையில் ஒட்டி, ஸ்பைரல் பைண்டிங் போட்டால் முடிந்தது கதை. அந்த வலையில் ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் யாரோ ஒருவர் நீல நிறத்துக்காகக் காத்திருந்திருக்கிறார். யாரோ ஒருவர் கட்டுரையை எழுத்தெண்ணிப் படித்திருக்கிறார். சில கோடுகள் ஈ6ஐப் போல ஓர் உயிரின் கதையையே மாற்றக்கூடியவை. சில கோடுகள் தவறானவை. பார்த்தவுடன் எது எதுவென்று சொல்ல முடியாது.

அடுத்த முறை அப்படி ஒரு படம் திரையில் வரும்போது ஒரே ஒரு கோட்டையாவது சொடுக்கி, பின்னால் இருக்கும் கட்டுரை வரை போய்ப் பாருங்கள். அதிகம் போனால் பத்து நிமிடம் ஆகும். கோடு சரியாக இருந்தால் எழுதியவருக்கு மனதுக்குள் ஒரு நன்றி. தவறாக இருந்தால் அந்தத் தளத்துக்கு ஒரு மின்னஞ்சல். மொய் எழுதுவதும் ஒரு கடமைதானே?