சின் மிங் வரிசைக்கு முன்

சின் மிங் டிரைவில் கார் பட்டறைகளும் வாகனப் பரிசோதனை நிலையமும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. காலை வரிசையில் ‘சிஓஇ’ புதுப்பித்த பழைய கார்களும் நிற்கும். 10 வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும் சோதனை. தேறாவிட்டால் சாலை வரி கட்ட முடியாது.

சிலர் முதல் நாளே காரைக் கழுவி மினுக்கிவிடுவார்கள். புகைக்குழாயில் நுழையும் கருவிக்கு அதெல்லாம் எதற்கு? எஞ்சின் எண்ணெய், காற்று வடிகட்டி, ஸ்பார்க் பிளக் மூன்றையும் பாருங்கள். புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் நன்கு சூடேறினால்தான் வேலைசெய்யும். பக்கத்துப் பீஷானிலிருந்து ஐந்து நிமிடத்தில் வந்து நின்றால் போதாது. விரைவுச்சாலையில் 20 நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். எஞ்சின் விளக்கு எரிந்தால் மட்டும் இந்த ஓட்டம் உதவாது. முதலில் பட்டறைக்குப் போங்கள்.