கொழும்பிலிருந்து வந்த தோழி

கொழும்பு வெளிநாடுதான். ஆனாலும் தூத்துக்குடிக்காரர்களுக்கு அது பக்கத்து ஊர் மாதிரி. காலம் காலமாய்த் தோணிகள் போய்வந்த கடல் அல்லவா! 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்ததும் இந்த மார்க்கத்துக்காகத்தான்.

என் பள்ளித் தோழி கொழும்பில் வாழ்க்கைப்பட்டவள். அவள் கணவரும் என்னவரும் ஒரு காலத்தில் ஒரே ஷிப்பிங் ஆபீசில் வேலை பார்த்தவர்கள். வியாபார விஷயமாக வந்த கணவரோடு அவளும் வந்திருந்தாள். ஆண்கள் துறைமுகத்துக்குக் கிளம்ப, நாங்கள் பனிமய மாதா கோயிலுக்குப் போய்விட்டு, ஒரு பொட்டலம் மக்ரூனோடு கடற்கரையில் உட்கார்ந்தோம்.

சங்கு குளிக்கும் பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். 1961-ல் இங்கே நடந்த கடைசி முத்துச் சலாபத்தில் அவர் தகப்பனாரும் முங்கினாராம்.

"கயிறு பிடிக்கிறவன் மச்சானா இருக்கணும்மா. தங்கச்சி தாலி அவன் கையில இருக்குல்லா!" என்றார்.

தோழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "2011-ல விட்ட கப்பலை அஞ்சே மாசத்துல நிறுத்திட்டாங்க. 2020-ல அம்மா தவறினப்ப விமானமும் இல்ல. போன்லதான் முகம் பார்த்தேன். எனக்குப் பதிலா நின்னது நீதானட்டி. அன்னைக்குக் கயிறு உன் கையில இருந்துச்சு."

எனக்குப் பேச்சே வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சகோதரிகளே! உங்கள் வீட்டுக்காரர் வியாபாரமாய் வெளியூர் போனால், முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். கடை கண்ணி அப்புறம் பார்க்கலாம். முதலில் பழைய தோழி வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.