நட்சத்திரம் உதிர்த்த கதை

என் சிநேகிதர் ஒருவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கதை எழுதிப் பெயர் வாங்கியவன் நான். நல்ல தமிழ் எழுதியவர் அவர். இதை அவர் உயிரோடு இருந்தபோது ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுத்தாளர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் கருமிகள்.

அவர் காலமாகி இரண்டு மாதம் கழித்து அவர் மனைவி வந்தார். புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த ஒரு பென் டிரைவை அவிழ்த்து என் மேஜை மேல் வைத்தார்.

"அண்ணா, அவர் தம்முடைய அம்மாவைப் பற்றி நாலு வருஷமாய் எழுதிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டேன் என்று சொன்ன மறு வாரமே போய்விட்டார். நீங்கள்தான் இதைப் புத்தகமாக்கித் தர வேண்டும்" என்றார்.

திறந்து பார்த்தேன். 23 அத்தியாயம், 23 கோப்புகள். எல்லாம் வெறும் எழுத்து. ஆனால் தலைப்புகளுக்கு முன்னால் ஒரு ஹாஷ் குறி, உட்தலைப்புகளுக்கு இரண்டு. வாக்கியங்களுக்கு இடையிடையே நட்சத்திரக் குறிகள், சில இடங்களில் ஒன்று, சில இடங்களில் ஜோடியாக. மனிதர் சோதிடம் பார்க்க ஆரம்பித்துவிட்டாரா என்று நினைத்தேன்.

விசாரித்ததில் இதற்கு மார்க்டவுன் என்று பெயர் என்று தெரிந்தது. ஜான் க்ரூபர் என்ற அமெரிக்கர், ஆரன் ஸ்வார்ட்ஸின் ஒத்துழைப்போடு 2004-ல் வெளியிட்ட எழுத்து முறை. ஒரு நட்சத்திரம் இருபுறமும் இட்டால் சாய்வெழுத்து. இரண்டு இட்டால் தடித்த எழுத்து. புதுமை போலத் தோன்றினாலும் விஷயம் பழையதுதான். அந்தக் காலத்தில் கையெழுத்துப் பிரதியில் ஒரு சொல்லின் கீழே நேர்கோடு போட்டால் அச்சுக் கோப்பவர் அதைச் சாய்வெழுத்தாகக் கோப்பார். அலைக்கோடு போட்டால் தடித்த எழுத்து. கோடு போன இடத்தில் நட்சத்திரம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பதிப்பாளரோ, "வேர்டு கோப்பாகத் தாருங்கள். மற்றதை நாங்கள் தொடமாட்டோம்" என்று சொல்லிவிட்டார்.

முதலில் நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கோப்பின் பெயருக்குப் பின்னால் இருந்த வாலை வெட்டிவிட்டு, வேர்டு கோப்பின் வாலை ஒட்டவைத்தேன். திறக்க மறுத்துவிட்டது. வேர்டு கோப்பு என்பது உள்ளே பல சின்னக் கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய மூட்டையாம். பெயரை மாற்றினால் ஆள் மாறிவிடுவானா?

வெளியூரில் இருக்கும் என் தங்கை பிள்ளை ஒரு யோசனை சொன்னான். பாண்டாக் என்று ஒரு கருவி. ஜான் மக்ஃபார்லேன் என்ற தத்துவப் பேராசிரியர் எழுதி 2006-ல் வெளியிட்டது. "ஒரே ஒரு வரி தட்டினால் போதும், மாமா" என்றான். அந்த ஒரு வரியைத் தட்ட ஒரு கறுப்புத் திரையைத் திறக்க வேண்டும். திறந்தேன். ஒரு சின்னக் கோடு கண்ணைச் சிமிட்டிக்கொண்டு என்னையே பார்த்தது. வாத்தியார் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது போல் இருந்தது. மூடிவிட்டேன்.

அப்புறம்தான் என் சொந்த புத்தி வேலை செய்தது. எல்லாவற்றையும் வேர்டில் ஒட்டினேன். நட்சத்திரத்தைத் தேடு, அந்த இடத்தில் ஒன்றும் வைக்காதே என்று கட்டளையிட்டேன். ஆயிரத்துச் சொச்சம் நட்சத்திரங்கள் ஒரு நொடியில் உதிர்ந்தன. ஹாஷ் குறிகளும் அவ்விதமே போயின. பக்கம் துடைத்துவிட்ட கூடம் மாதிரி இருந்தது. அனுப்பிவிட்டேன்.

பிழை திருத்தத்துக்குத் தாள்கள் வந்தன. ஏழாம் அத்தியாயத்தில் ஓர் இடம். அப்பா வீட்டை விட்டுப் போன இரவு. பையனுக்கு ஒன்பது வயசு. அச்சில் இப்படி வந்திருந்தது:

அம்மா தட்டை என் முன்னால் வைத்தாள். போனவர் போயிட்டார். நீ சாப்பிடு. எனக்குப் பசியில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

துக்கத்தில் பிள்ளை சாப்பாடு வேண்டாம் என்கிறான் போலிருக்கிறது என்று மேலே போனேன். அடுத்த பக்கத்தில் அவன் கை கழுவுகிறான். சாப்பிடாதவன் ஏன் கை கழுவ வேண்டும்? மூலக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். 'போனவர்' என்பதற்கு முன்னால் ஒரு நட்சத்திரம். 'பசியில்லை' என்பதற்குப் பின்னால் ஒரு நட்சத்திரம்.

பசியில்லை என்றவன் பிள்ளை அல்ல, அம்மா. பானையில் ஒருவருக்குத்தான் சோறு இருந்தது.

நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். புத்தகம் முழுவதும் அம்மாவின் பேச்சுக்கு அவர் மேற்கோள் குறியே இடவில்லை. ஒற்றை நட்சத்திரம்தான் இட்டிருந்தார். நான் குப்பை என்று நினைத்துப் பெருக்கித் தள்ளியது அந்த அம்மாளின் குரலை!

அன்று மாலை பேத்தியிடம் ஒப்புக்கொண்டேன். "இதுக்கா தாத்தா கறுப்புத் திரையைப் பார்த்துப் பயந்தீங்க?" என்று சிரித்தாள். மூலக் கோப்பைக் கூகுள் டிரைவில் ஏற்றினாள். வலது பொத்தானை அழுத்தி, அதைக் கூகுள் டாக்ஸில் திறக்கச் சொன்னாள். 2024-லிருந்து அது மார்க்டவுனைப் புரிந்துகொள்கிறதாம். நட்சத்திரங்கள் மறைந்தன, அம்மாவின் பேச்செல்லாம் சாய்ந்து நின்றது. பிறகு கோப்புப் பட்டியலில் போய் வேர்டு வடிவில் இறக்கிக்கொண்டாள். தலைப்புகள் வெறும் பெரிய எழுத்தாக இல்லாமல் வேர்டின் தலைப்புப் பாணியிலேயே வந்ததால், பொருளடக்கத்தை வேர்டே தயாரித்துக் கொடுத்தது. 23 கோப்புக்கும் அரை மணி ஆகவில்லை.

ஆனால் இயந்திரத்தை நம்பிக் கண்ணை மூடக் கூடாது என்று இந்தத் தடவை எனக்குத் தெரிந்திருந்தது. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அம்மாவின் பால் கணக்கு, வரிக்கு வரி எழுதியது, ஒரே பத்தியாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. மார்க்டவுனில் வெற்று வரி விட்டால்தான் புதுப் பத்தி; வரி மாத்திரம் உடைய வேண்டுமானால் வரியின் கடைசியில் இரண்டு இடம் விட வேண்டும். வாத்தியாருக்கு அது தெரியாமல் போயிருக்கிறது. சில இடங்களில் நட்சத்திரத்துக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விட்டிருந்தார். அங்கெல்லாம் நட்சத்திரம் நட்சத்திரமாகவே நின்றது. வேர்டில் நட்சத்திரத்தைத் தேடி, தப்பி நின்றவற்றை ஒவ்வொன்றாகக் கையால் சரி செய்தேன். பிறகு பேத்தி மூலத்தைப் படிக்க, நான் வேர்டைப் பார்க்க, நாலு நாள் ஒப்பிட்டோம்.

இலவசமாக மாற்றித் தருவதாகச் சொல்லும் முகம் தெரியாத தளங்கள் அநேகம் இருக்கின்றன. ஒருவர் நம்பிக் கொடுத்த கையெழுத்துப் பிரதியை அங்கே போட எனக்கு மனம் வரவில்லை.

மூலக் கோப்புகளை அழிக்கவும் இல்லை. அதற்குக் காரணம் உண்டு. 1990-களில் நான் கணினியில் அடித்த நாவல் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தக் காலத்து எழுத்துரு ஒன்றில் அடித்தது. இன்று திறந்தால் ஒரு வரிகூடத் தமிழாக இல்லை. வாத்தியாருடையதோ யூனிகோடில் அடித்த வெறும் எழுத்து. வேர்டு போய் வேறொன்று வந்தாலும் அதைப் படித்துவிடலாம்.

திருத்திய தாள்களை அவர் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஏழாம் அத்தியாயத்தைப் படித்தார். சாய்ந்த எழுத்துகள் வந்த இடத்தில் விரல் நின்றது.

"இது மாமியார்" என்றார்.

"ஆமாம்" என்றேன்.

முதல் தடவை நான் செய்ததை அவரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிட்டேன்.