எட்டு எண், ஆறு தட்டு

பெரகல சந்தியில் சமதரை என்று எதுவும் இல்லை. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, ஹல்துமுல்லை வழியாக ஏறிவரும் ஏ4 வீதி, இங்கிருந்து கொஸ்லாந்தை, வெல்லவாய என்று இறங்கிப் போகிறது. ஏ16 இங்கேதான் தொடங்குகிறது. ஹப்புத்தளைக்கு ஏறி, பண்டாரவளையைக் கடந்து, ஹாலிஎலையில் முடிகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். சைக்கிளுக்குத் தோதான ஊர் இல்லை. ஆனாலும் 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது, லயத்துக் கோடிகளில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் ரோட்டுக்கு வந்தன. வரிசை கரைந்த பிறகும் சில சைக்கிள்கள் கோடிக்குத் திரும்பவில்லை.

அவற்றில் ஒன்றைத்தான் இந்தப் பையன் தள்ளிக்கொண்டு வருகிறான். தேத்தண்ணிக் கடையை ஒட்டிய தகரக் கொட்டிலில், ஓட்டோ டியூப் ஒன்றுக்குப் பட்டி போட்டுக்கொண்டிருந்த பாஸ் நிமிர்ந்து பார்க்கிறார். ஜப்பானிலிருந்து பழையதாக இறக்குமதியாகி வந்த மலைச் சைக்கிள். கனத்த இரும்பு பிரேம். நிறம் பாதி உரிந்துவிட்டது. அதன் மேல் புத்தம் புதிய சாமான்கள்: கறுப்பு மினுங்கும் பின் கியர், எண்ணெய் காயாத செயின், கைப்பிடியில் ஒன்று முதல் எட்டு வரை எண் காட்டும் சிறிய கண்ணாடியோடு ஒரு கியர் லீவர். லீவரின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பையன் இன்னும் உரிக்கவில்லை.

"கியர் விழுது பாஸ். ஆனா நிக்க மாட்டேங்குது. மூணாவத சரி பண்ணினா அஞ்சாவது கெட்டுப் போகுது."

பேசும்போதே அவன் விரல்கள் பின் கியரின் சரிசெய்யும் திருகைத் தேடிப் போகின்றன.

"கைய எடு மல்லி" என்கிறார் பாஸ். சிங்களம் அவருக்கு வீட்டு மொழி. தமிழ் கொட்டிலுக்கு வருகிறவர்களிடம் கற்றது.

அவர் சாவி எதையும் எடுக்கவில்லை. சைக்கிளின் சீட்டைக் கூரையிலிருந்து தொங்கும் கயிற்றுக் கொக்கியில் மாட்டுகிறார். பின்னால் குந்தி, ஒரு கையால் மிதியைச் சுற்றி, மறு கையால் லீவரைத் தட்டுகிறார். மிகச் சிறிய தட்டில் செயின் சத்தமில்லாமல் ஓடுகிறது. இரண்டாவதில் லேசான உரசல். மூன்றாவதில் கரகரப்பு. நான்காவதில் அது இன்னும் கூடுகிறது. ஐந்தாவதுக்குத் தட்டியதும் செயின் அந்தத் தட்டிலும் இல்லை, இந்தத் தட்டிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே துள்ளுகிறது. பாஸ் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார். அதே இடத்தில் அதே சத்தம்.

பின் கியர் தொங்கும் காதை முதலில் பார்க்கிறார். வலப்பக்கம் விழுந்த சைக்கிள் எதுவும் அந்தக் காதில் அடிபடாமல் தப்புவதில்லை. பின் கியரைக் கழற்றிவிட்டு, மூலையில் கிடந்த ஒரு பழைய சில்லை எடுத்து, அதன் அச்சை அந்தத் துளையிலேயே முறுக்குகிறார். துளையின் புரியும் அந்த வகை அச்சின் புரியும் ஒன்றுதான், 10 மில்லிமீற்றர். இப்போது சைக்கிளின் சொந்தச் சில்லும் இந்த இரவல் சில்லும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இடைவெளிக்குள் மேலே ஒரு தீப்பெட்டியை நுழைக்கிறார், போகிறது. கீழே நுழைக்கிறார், முட்டுகிறது. இரவல் சில்லின் கீழ்விளிம்பைப் பிடித்து, முழங்காலால் பிரேமுக்கு முட்டுக்கொடுத்து, மெதுவாக வெளியே இழுக்கிறார். தீப்பெட்டி இப்போது இரண்டு இடத்திலும் ஒன்றுபோல் நுழைகிறது.

"இரும்பு. வளையும். அலுமினியம்னா ஒடஞ்சிரும்."

பிறகு கைப்பிடியை இடமும் வலமும் திருப்புகிறார். லீவரை யாரும் தொடவில்லை. ஆனாலும் பின் கியர் அசைகிறது. பாஸ் பையனை ஒருமுறை பார்த்துவிட்டு, கேபிளின் மேலுறையை உருவி, குறட்டால் நுனியை வெட்டிக் காட்டுகிறார். உள்ளே கம்பி சுருள் சுருளாக இருக்கிறது. பிரேக் அவுட்டர். பிரேக்கை அழுத்தும் பலத்தில் வெடிக்காமல் இருப்பதற்காக அப்படிச் சுற்றுகிறார்கள். வளைத்தாலும் அழுத்தினாலும் அதன் நீளம் சிறிது மாறும். பிரேக்குக்கு அது பெரிய விஷயமில்லை. கியருக்கு அந்தச் சிறிதே பெரிது. கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், சுருங்குவதில்லை. பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்புக் குழாய். பையன் தலையைச் சொறிகிறான். பாஸ் சுவரிலிருந்து வேறொரு சுருளை இறக்கி, அளந்து வெட்டி மாட்டுகிறார்.

ஹப்புத்தளையிலிருந்து இறங்கிவந்த காய்கறி லொறி ஒன்று சந்தியில் நின்று, பிரேக் சூடு வாசனையை விட்டுவிட்டுப் போகிறது.

மீண்டும் மிதி சுற்றுகிறது. கைப்பிடியைத் திருப்பினால் இப்போது எதுவும் அசையவில்லை. இரண்டாவது, மூன்றாவது முன்னைவிட நல்லது. ஐந்தாவது அப்படியே. பையனின் கை மறுபடி திருகுக்குப் போகிறது. பாஸ் துணியால் தட்டிவிடுகிறார்.

லீவரின் கண்ணாடியைக் காட்டுகிறார். "எட்டு." பின்னால் காட்டுகிறார். "எண்ணு."

பையன் விரல் வைத்து எண்ணுகிறான். ஆறு.

"ரெண்டு மிஞ்சும்னு நெனச்சேன் பாஸ். மிஞ்சினா மிஞ்சட்டும்னு."

பாஸ் வேர்னியரை எடுத்து அவன் கையிலேயே கொடுக்கிறார். ஆறு தட்டு ஃப்ரீவீலில் ஒரு தட்டின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு ஏறத்தாழ 5.5 மில்லிமீற்றர். எட்டு எண் லீவர் ஒரு தட்டுக்குச் செயினை நகர்த்துவது 4.8. ஒரு தாவலுக்கு 0.7 குறைகிறது. முதல் தாவலில் அது உரசல். மூன்றாவதில் 2.1. நான்காவதில் 2.8; அதாவது இரண்டு தட்டுக்குச் சரிபாதி நடுவில். படியளவு வேறான இரண்டு ஏணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் சாத்தி, ஒரு காலை இதிலும் ஒரு காலை அதிலும் வைத்து ஏறுகிற வேலை. திருகைத் திருகினால் ஏணி முழுவதும் மேலே கீழே நகரும்; படிகளின் இடைவெளி மாறாது. மூன்றைச் சரி செய்தால் ஐந்து கெட்டது அதனால்தான். லீவரில் பிழை இல்லை, பின் கியரில் பிழை இல்லை, ஃப்ரீவீலிலும் இல்லை.

பாஸ் ஒரு பிஸ்கட் தகரத்தைக் கிளறி, பழைய லீவர் ஒன்றை எடுத்து வைக்கிறார். எண் கிடையாது, கிளிக் கிடையாது. வைத்த இடத்தில் இறுக்கத்தால் நிற்கும். 1984இல் ஷிமானோ தன் உயர்ரக ரேஸ் சாமான்களில் கிளிக் முறையைக் கொண்டுவரும் வரை பெரும்பாலான சைக்கிள்களில் கியர் இப்படித்தான் மாறியது. ஆறு தட்டோ எட்டுத் தட்டோ, இடைவெளியை அளப்பது ஓட்டுகிறவனின் காதும் பெருவிரலும். எந்தச் சாமானோடும் சண்டை போடாத லீவர்.

"இதப் போட்டா இப்பவே போகலாம். காசும் வேணாம்."

பையன் பதில் சொல்லவில்லை. பழைய லீவரை ஒருமுறை அசைத்துப் பார்க்கிறான். பிறகு தன் லீவரின் கண்ணாடியை, பிளாஸ்டிக் தாளோடு சேர்த்து, பெருவிரலால் துடைக்கிறான்.

பாஸ் பழைய லீவரைத் தகரத்துக்குள் போட்டு மூடுகிறார். "ஹரி" என்று எழுந்து கொட்டிலின் பின்பக்கம் போகிறார். கொஞ்ச நேரம் இரும்பு இரும்போடு மோதும் சத்தம். திரும்பி வரும்போது கையில் ஏழு தட்டு ஃப்ரீவீல். ஏதோ ஒரு ஜப்பான் சைக்கிளின் மிச்சம். அதில் இடைவெளி 5.0. லீவரின் 4.8க்கு அது சொந்தமில்லை என்றாலும் தூரத்து உறவு.

பழைய ஃப்ரீவீல் லேசில் கழலவில்லை. அது மிதிக்க மிதிக்க இறுகும் வகை. ஏற்றங்களில் பல வருடம் இறுகியிருக்கிறது. கழற்றும் சாவியைக் கவ்வியில் பூட்டி, சில்லை ஸ்டியரிங் மாதிரி இருவரும் இருபக்கம் பிடித்துத் திருப்புகிறார்கள். 'டக்' என்று விட்டுக்கொடுக்கிறது. கழன்றதைப் பாஸ் வெளிச்சத்தில் காட்டுகிறார்: சிறிய தட்டுகளின் பற்கள் கூராகத் தேய்ந்திருக்கின்றன. புதுச் செயின் பாரம் ஏறும்போது இதில் எப்படியும் வழுக்கியிருக்கும். புதியது சற்று அகலம் கூட. செயின் பிரேமில் உரசாதபடி அச்சின் வலப்பக்கம் ஒரு மெல்லிய வாஷர் போகிறது.

சரிக்கட்டுவதை ஓரத்திலிருந்து தொடங்காமல், நடுவிலுள்ள நான்காவது தட்டிலிருந்து தொடங்குகிறார். அங்கே செயின் நேராக நின்றால், இரண்டு ஓரங்களிலும் பிழை 0.6 மில்லிமீற்றர்தான். பின் கியரின் மேல் உருளை பக்கவாட்டில் சிறிது ஆடும். மிச்சப் பிழையை அந்த ஆட்டம் விழுங்கிவிடும். மிதி சுற்றுகிறது. தட்டுக்குத் தட்டு ஒரே சத்தம்.

"எவ்ளோ பாஸ்? அம்மாட்டதான் வாங்கிட்டு வந்தேன்."

"அம்மாவோட ஒரு பேருக்குள்ள எடு."

தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, 2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. பையன் ஓர் ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டுகிறான். பாஸ் இருநூறைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஓட்டோ டியூபைக் கையில் எடுக்கிறார்.

பையன் ஏறி உட்கார்ந்து, லீவரை எட்டு வரை தட்டிப் பார்க்கிறான். கண்ணாடியில் 8 விழுகிறது. பின்னால் எதுவும் நகரவில்லை. முகம் மாறித் திரும்புகிறான்.

"ஏழு தட்டுதானே மல்லி போட்டிருக்கு" என்கிறார் பாஸ், டியூபிலிருந்து கண்ணை எடுக்காமல். "எட்டு வேணும்னு தோணினா நீ கொஸ்லாந்தைப் பக்கம் எறங்குறேன்னு அர்த்தம். அப்ப கியரத் தேடாத, பிரேக்கப் புடி."