ஏற்றத்தில் நின்ற வண்டி

கிளிஞ்சல்மேடு என்னும் பெயரில் மேடு உண்டு. ஊரில் மேடு இல்லை. காரைக்கால் நகரை அடுத்துக் கடலோரத்தே அமைந்த அம்மீனவர் சிற்றூரில் மேடென்று சுட்டத்தக்கது அலை கொணர்ந்து குவித்த மணற்கரை ஒன்றேயாம். அங்கிருந்து மேற்கு நோக்கிச் செல்வார்க்கு நெடுந்தொலைவு வரையில் காவிரி பரப்பிய வண்டலும், வயலும், வாய்க்காலுமே கண்ணுக்குப் புலனாகும். அரசலாற்றுப் பாலத்தின்மீது ஏறுவதையே அப்பகுதியார் ஏற்றம் என்று எண்ணுவர். இத்தகைய சமநிலத்தில் மோட்டார் வண்டி பழகினவர்கள், நின்ற வண்டியை ஏற்றத்தில் எழுப்பும் வித்தையை எங்ஙனம் அறிவர்?

வித்தை என்றது மிகையன்று. கியர் மாற்றி ஓட்டும் வண்டியில் மிதிகள் மூன்று. ஓட்டுகின்றவனுக்குக் கால்கள் இரண்டே. இடக்கால் கிளட்சுக்கு உரியது. வலக்காலோ பிரேக்குக்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் பொதுவானது. சமநிலத்தில் இக்குறை தோன்றுவதில்லை. பிரேக்கினின்று காலை எடுத்தாலும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஏற்றத்திலோ, வலக்கால் ஒரு மிதியை விட்டு மற்றொன்றிற்குத் தாவும் அவ்விமைப்பொழுதில் வண்டி ஒருவருடைய காவலிலும் இல்லை. அப்பொழுது அது பின்னோக்கி உருளும். பின்னால் நிற்பது லாரியாயின் உருண்ட வண்டிக்குச் சேதம். குழந்தையை முன்னே நிறுத்திக்கொண்டு ஸ்கூட்டரில் வந்த தாயாயின் என்னாகும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இக்குறையைப் போக்க ஓட்டுநர்கள் கைக்கொள்ளும் வழக்கங்கள் பல. கை பிரேக்கை இழுத்து வண்டியை நிறுத்தி, முதற்கியரில் இட்டு, ஆக்ஸிலரேட்டரைச் சற்று அழுத்திக் கிளட்சை மெல்ல விட, வண்டியின் முகம் சிறிதே நிமிரும். அக்கணத்தில் கை பிரேக்கைத் தளர்த்தினால் வண்டி ஓரங்குலமும் பின்வாங்காது மேலேறும். இங்கிலாந்தில் கற்பார்க்கு இதனையே முதற்கண் புகட்டுவர். மற்றொரு சாரார் கை பிரேக்கைத் தொடார். கால் பிரேக்கை அழுத்தியபடியே கிளட்சைப் பாதி விட்டு, எஞ்சின் வண்டியைத் தாங்குவதை உணர்ந்ததும் வலக்காலைச் சட்டென்று மாற்றுவர். டீசல் எஞ்சினில் குறைந்த சுழற்சியிலேயே இழுப்பு மிகுதியாதலின் இஃது எளிது. பெட்ரோல் வண்டியாயின் தயங்கினால் எஞ்சின் அணைந்துபோம். மூன்றாவதொரு வழக்கமும் உண்டு. பிரேக்கையே மறந்து, பாதிக் கிளட்சிலேயே வண்டியைத் தொங்கவிட்டு நிற்றல். இதனை யாம் வழக்கம் என்பதினும் வியாதி என்போம். கிளட்சுத் தகடு தேய்ந்து கருகும் நாற்றம் சிறிது நேரத்தில் வண்டிக்குள் நிறையும்.

மோட்டார் தோன்றிய தொடக்க காலத்து வண்டிகள் சிலவற்றில் பின்புறம் ஓர் இரும்பு ஊன்றுகோல் கட்டித் தொங்கவிட்டிருந்தனர். ஏற்றத்தில் வண்டி பின்வாங்கின் அது தரையிற் குத்தித் தடுக்கும். நம் நாட்டு லாரிகளில் கிளீனர் கட்டையுடன் குதித்தோடிச் சக்கரத்தின் பின்னே இடுவதும் அவ்வூன்றுகோலின் வமிசமே. 1936-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டூட்பேக்கர் கம்பெனியார், கிளட்சை மிதித்திருக்கும் வரையில் ஏற்றத்தில் பிரேக்கு விடாதபடி ஒரு கருவியைத் தம் வண்டியில் அமைத்தனர். ஆக, குறை கால்களுடையது என்பதை உலகம் நெடுநாளாகவே அறியும்.

நிற்க. சில ஆண்டுகளுக்கு முன் யாமும் நண்பர் சிலரும் கிளிஞ்சல்மேட்டு வேன் ஒன்றில் நீலகிரிக்குப் பிரயாணமானோம். வேனை ஓட்டியவர் அவ்வூர் இளைஞர்; நாள்தோறும் குட்டியானை என்று மக்கள் வழங்கும் சிறு லாரியில் மீனும் ஐஸும் ஏற்றிச் செல்பவர். சாலையில் உலர்த்திய நெல்லுக்கும், குறுக்கே பாயும் ஆட்டுக்கும், விளக்கில்லாத மிதிவண்டிக்கும் ஒதுங்கி ஓட்டுவதில் அவருக்கு நிகர் அவரே. மேட்டுப்பாளையத்தில் டயருக்குக் காற்றடிக்க நிறுத்தியபோது, அங்கிருந்த மெக்கானிக் ஒருவர், மலையேறும் வண்டியென்று கேட்டதும், யாரும் சொல்லாமலே உள்ளே கைநீட்டிக் கை பிரேக்கை இழுத்துப் பார்த்தார். அது யாதொரு தடையுமின்றி மேலே வந்துவிட்டது.

"ஏனுங்க, கடலோரத்து வண்டிங்களா?" என்றார்.

வண்டியின் கீழே படுத்துப் பார்த்தபோது கம்பிக் கயிறு உறைக்குள்ளேயே துருவேறி அறுந்திருந்தமை தெரிந்தது. உப்புக்காற்று இரும்பைத் தின்னும் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் இழுத்து இழுத்து விடப்படும் கயிறு ஓரளவு தப்பும். மாதக்கணக்கில் அசையாது கிடப்பதுவே விரைவில் அழியும். "எங்க ஊர்ல அதுக்கு வேலையே இல்லண்ணே" என்று எம்மிடம் சொன்னார் இளைஞர். அவர் சொல் மெய்யே. சமநிலம் அவருக்குக் கை பிரேக்கை மறக்கக் கற்பித்தது; மறந்த பிரேக்கைக் கடல் தின்றது. புதுக் கயிறு மாட்ட அரைநாள் ஆயிற்று. கால் பிரேக்கு நன்றாயிருக்கையில் இத்தாமதம் எதற்கென்று எம்முள் சிலர் முணுமுணுத்தனர். மெக்கானிக் அதற்கு மறுமொழி கூறாது தம் வேலையை முடித்து, புறப்படுங்கால் இளைஞரிடம் ஒன்றுமட்டும் சொன்னார்: "தம்பி, மேல நிக்கறப்ப முன்வண்டியோட பின்டயர் ரோட்டத் தொடுற எடம் உங்க கண்ணுக்குத் தெரியோணும்."

குன்னூர் வரையில் உள்ள கொண்டையூசி வளைவுகள் 14. பர்லியாற்றுக்கு மேலே ஒரு வளைவில் லாரி பழுதாகி நின்றமையால் வண்டிகள் யாவும் ஏற்றத்திலேயே நின்று நின்று நகர்ந்தன. சமநிலத்தாரையும் மலைநாட்டாரையும் வேறுபிரித்தறிய அதனினும் சிறந்த இடம் கிட்டாது. எமக்குப் பின்னே நின்ற உள்ளூர்ப் பேருந்து ஏறக்குறைய ஒரு வண்டியளவு இடம் விட்டே நின்றது. கீழ்நாட்டுக் கார்களோ, விட்ட இடத்தில் வேறொருவன் புகுந்துவிடுவானோ என்னும் அச்சத்தால், ஒன்றன் வாலை ஒன்று கவ்வினாற்போல் நின்றன. எம் முன் நின்ற கார் புறப்படுகையில் இருமுறை குலுங்கி அணைந்து, பின்னோக்கி உருண்டது. அதன் பின்கண்ணாடியில் ஒரு சிறு குழந்தையின் முகம் எம்மை நோக்கி வளர்ந்து வந்ததை யாம் கண்டோம். ஒரு முழ அளவில் அது நின்றது. அம்முழம், மெக்கானிக் சொற்படி எம் ஓட்டுநர் விட்டுவைத்த இடத்தில் எஞ்சியது. பிறகு அவர் கை பிரேக்கை இழுத்து, எஞ்சினின் ஒலிக்குச் செவிகொடுத்து, மெல்லத் தளர்த்தினார். வேன் பின்வாங்காமல் ஏறிற்று.

கை பிரேக்கா, கால் பிரேக்கா என்று வழக்காடுவோர் இவ்விடைவெளியைக் கருதுவதில்லை. மலைநாட்டு ஓட்டுநர் பலர் கை பிரேக்கைத் தொடாமலே ஏற்றுவதை அன்று கண்டோம். நாள்தோறும் செய்யும் அவர்க்கு அது தகும். ஆயினும் முன்னிருப்பவன் தவறக்கூடும் என்று எண்ணி இடம் விடுதலை அவர்கள் ஒருபோதும் விட்டிலர். நகரத்தார் சிலர் கை பிரேக்கு கற்றுக்குட்டிகளுக்கே உரியதென்று நகைப்பர். ஆண்டுக்கு ஒருமுறை மலையேறுவோன் கற்றுக்குட்டி அல்லாமல் வேறென்ன?

இறக்கத்திலும் இவ்வேறுபாடு உண்டு. எரிபொருள் மிச்சமாகுமென்று கியரை நீக்கி உருளவிடுவது சமநிலத்தார் சிலர் வழக்கம். மலையில் அங்ஙனம் செய்யின் பாரம் முழுதும் பிரேக்கின்மேல் விழ, அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். அதனாலேயே மலைநாட்டார் ஏறும் கியரிலேயே இறங்குவர். குறுகிய மலைச்சாலையில் இறங்கும் வண்டி ஒதுங்கி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிடுதல் வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. நின்ற வண்டியை ஏற்றத்தில் மீண்டும் எழுப்புதலின் அருமையை அறிந்தோர் இயற்றிய விதியென்று எமக்குத் தோன்றுகிறது. அச்சாலைக்கு அணித்தே, 1899-இல் குன்னூரை எட்டிய மலை இரயில், பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏறும் இடத்தில் சக்கரத்தை நம்பாது பற்சட்டத்தைக் கவ்வியே ஏறுகின்றது.

இக்காலத்துப் புது வண்டிகள் பலவற்றில், காலை மாற்றும் இரண்டு மூன்று விநாடிக்குப் பிரேக்கைத் தானே பிடித்துக்கொள்ளும் கருவி உண்டு. நன்றே. ஆனால் மீன் ஏற்றும் பழைய வண்டிகளில் அது ஏது? 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், உரிமம் வேண்டுவோன் செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்திப் பின்னோக்கி உருளாமல் மீண்டும் எழுப்பிக் காட்டவேண்டும் என்கின்றன. கை பிரேக்காலாயினும் ஆகுக, கால் பிரேக்காலாயினும் ஆகுக என்று இரண்டிற்கும் இடமளித்துள்ளன. சமநிலத்து ஊர்களில் இதன்பொருட்டு மண்கொட்டியாயினும் ஒரு மேடு எழுப்புதல் வேண்டும். தேர்வு தொடங்குமுன் கை பிரேக்கை ஒருமுறை இழுத்துப் பார்த்தலும் வேண்டும். கடலோரத்து வண்டியாயின் இருமுறை.